மலைக்குப் பின்னாடி விழுந்ததா நெருப்புப் பந்து? திருவண்ணாமலை வானத்தில் தெரிவது உண்மையில் எங்கே நடக்கிறது?

பௌர்ணமி இரவில் திருவண்ணாமலை தூங்குவதில்லை. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் லட்சக்கணக்கான பேர் விடிய விடிய நடக்கிறார்கள். நள்ளிரவு ஒரு மணிக்குத் திறந்த வானத்துக்குக் கீழே இத்தனை கண்கள் விழித்திருக்கும் ஊர் தமிழ்நாட்டில் வேறு இருக்குமா என்பது சந்தேகம்தான்.

அப்படி ஒரு இரவில், வானத்தில் திடீரென ஒரு நெருப்புப் பந்து பளீரென்று பாய்ந்து மலைக்குப் பின்னால் மறைந்தால் என்ன ஆகும்? ஐந்தே நிமிடத்தில் வாட்ஸ்அப் நிரம்பிவிடும். "மலைக்கு அந்தப் பக்கம் விண்கல் விழுந்துடுச்சாம்" என்று ஒருவர் சொல்வார். "ராக்கெட் வெடிச்சிடுச்சாம்" என்பார் இன்னொருவர். மலையையே நெருப்பு வடிவமாக வணங்கும் ஊர் என்பதால், "ஜோதியைப் பார்த்தேன்" என்று கையெடுத்துக் கும்பிடுகிறவர்களும் இருப்பார்கள்.

கும்பிடுவது அவரவர் நம்பிக்கை. ஆனால் 'மலைக்கு அந்தப் பக்கம் விழுந்தது' என்பது மட்டும் அநேகமாகத் தப்பு. அந்த நெருப்பு இருக்கும் இடத்துக்கும் நம் கண் சொல்லும் இடத்துக்கும் நடுவில் ஒரு மாவட்டமே இருக்கலாம், சில சமயம் ஒரு மாநிலமே இருக்கலாம்.

எப்படி? பார்க்கலாம்.

முதலில், அது என்ன?

விண்வெளியில் சுற்றும் தூசியும் கல்லும் பூமியின் காற்றுமண்டலத்துக்குள் தினமும் நுழைந்துகொண்டேதான் இருக்கின்றன. வேகம், நொடிக்கு 11 முதல் 72 கிலோமீட்டர். அந்த வேகத்தில் வரும் பொருள் தனக்கு முன்னால் இருக்கும் காற்றை நெருக்கி அழுத்தும். அழுத்தப்பட்ட காற்று பயங்கரமாகச் சூடாகும், அந்தச் சூட்டில் கல்லின் மேற்பரப்பு உருகி ஆவியாகும். நாம் பார்க்கிற வெளிச்சம் இதுதான். தரையில் இருந்து சுமார் 100 கிலோமீட்டர் உயரத்திலேயே இந்த ஆட்டம் ஆரம்பித்துவிடும்.

நாம் வழக்கமாக 'எரிநட்சத்திரம்' என்று சொல்லும் மெல்லிய கீற்று, பெரும்பாலும் ஒரு மணல் துகள் அளவு தூசி எரிவதுதான். நட்சத்திரத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அதுவே கொஞ்சம் பெரிய கல்லாக இருந்து, வானத்தில் வெள்ளிக் கிரகத்தை விடப் பிரகாசமாக எரிந்தால், விஞ்ஞானிகள் அதற்கு 'தீப்பந்து' என்று தனிப் பெயர் வைத்திருக்கிறார்கள். பச்சை, ஆரஞ்சு, நீலம் என்று நிறம் தெரிவதும் உண்டு. கல்லில் உள்ள உலோகங்களும் சுற்றியிருக்கும் காற்றும் எரியும்போது வரும் நிறங்கள் இவை.

இதில் கிரிவலத்துக்கு ஒரு தனிச் சங்கதி இருக்கிறது. பௌர்ணமி வெளிச்சத்தில் சின்ன எரிநட்சத்திரங்கள் எல்லாம் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். அந்த நிலா வெளிச்சத்தையும் மீறி ஒன்று தெரிகிறது, கூட்டமே அண்ணாந்து பார்க்கிறது என்றால், அது பெரும்பாலும் தீப்பந்தாகத்தான் இருக்கும்.

'பக்கத்துல தான் விழுந்துச்சு' என்று ஏன் தோன்றுகிறது?

பஸ்ஸில் போகும்போது நிலா கூடவே வருகிற மாதிரி இருக்குமே, அதே கதைதான். ரொம்பத் தூரத்தில் இருக்கும் பொருளின் தூரத்தை நம் கண்ணால் கணிக்க முடியாது. இரவில் ஒப்பிட்டுப் பார்க்க வேறு எதுவும் இல்லாததால், கண்ணில் படும் மரமோ மலையோதான் அளவுகோல் ஆகிவிடுகிறது. வெளிச்சம் மலைக்குப் பின்னால் போனால், 'மலைக்குப் பின்னால் விழுந்தது' என்று மூளை தீர்ப்பு எழுதிவிடுகிறது.

ஒரு சின்னக் கணக்கு. கையை நீட்டி முஷ்டியை மடக்கிப் பிடித்தால் அதன் அகலம் வானத்தில் சுமார் 10 டிகிரி. அண்ணாமலையின் உயரம் 2,668 அடி. ஊருக்குள் இருந்து பார்க்கிறவருக்கு மலை உச்சி இரண்டு முஷ்டி உயரத்தில், அதாவது 20 டிகிரியில் தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு தீப்பந்து 50 கிலோமீட்டர் உயரத்தில் எரிந்தபடி சரியாக அந்த உச்சிக்குப் பின்னால் மறைகிறது. அப்படியென்றால் அது எந்த ஊருக்கு மேலே இருக்கிறது? பள்ளிக்கூடத்து முக்கோணக் கணக்கு போட்டால் விடை, சுமார் 137 கிலோமீட்டர் தள்ளி. கோயில் மலைக்குக் கிழக்கே இருக்கிறது. அங்கிருந்து மேற்கு, வடமேற்காக அவ்வளவு தூரம் போனால் சூளகிரி, ஓசூர் வட்டாரம் வந்துவிடும்.

சூளகிரி என்ற பெயர் இங்கே சும்மா வரவில்லை. 2008 செப்டம்பர் 12-ம் தேதி காலை எட்டரை மணி வாக்கில் அந்தப் பகுதி கிராமங்களில் நிஜமாகவே விண்கற்கள் விழுந்தன. ஆறு துண்டுகள், மொத்தம் 110 கிலோவுக்கு மேல். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை அவற்றைச் சேகரித்து ஆராய்ந்தது. உலக விண்கல் பட்டியலில் 'சூளகிரி' என்ற பெயரிலேயே அது இடம்பிடித்திருக்கிறது. விண்கல்லுக்கு அது விழுந்த ஊரின் பெயரை வைப்பதுதான் வழக்கம்.

திருவண்ணாமலை பக்கமே ஒன்று விழுந்திருக்கிறது

அதே பட்டியலில் இன்னொரு பெயர் உண்டு: நம்மியந்தல். 1886-ல் விழுந்த இந்தக் கல்லின் எடை சுமார் நாலரை கிலோ. ஊர் இருக்கும் மாவட்டம் தென்னாற்காடு என்று பதிவாகியிருக்கிறது, ஏனென்றால் அன்றைக்குத் திருவண்ணாமலை தென்னாற்காட்டில்தான் இருந்தது. பதிவேட்டில் உள்ள அட்சரேகை, தீர்க்கரேகையை வரைபடத்தில் குறித்துப் பார்த்தால், திருவண்ணாமலை நகரத்துக்கு வடகிழக்கே சுமார் 15 கிலோமீட்டரில் புள்ளி விழுகிறது. சூரியக் குடும்பம் உருவான காலத்துக் கற்களின் வகை இது, வயது சுமார் 450 கோடி ஆண்டுகள். ஊர்க்காரர்களிலேயே இந்த விஷயம் தெரிந்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்களோ!

அதற்கு முன்பே, 1857-ல், இன்றைய ராமநாதபுரம் மாவட்டத்துப் பெருநாழியில் இரண்டு பெரிய கற்கள் விழுந்தன. மொத்த எடை 77 கிலோவுக்கு மேல். ஆங்கிலேயர்கள் எழுதிய எழுத்தில் ஊர்ப் பெயர் 'பர்னல்லி' ஆகி, இன்றும் உலக ஆய்வுக் கட்டுரைகளில் அப்படியே வலம் வருகிறது.

ஆக, தமிழ்நாட்டில் விண்கல் விழுவது கட்டுக்கதை இல்லை. ஆனால் விழுந்த கற்களை விட, 'விழுந்தது' என்ற பேச்சு பல மடங்கு அதிகம். அதில் ஒரு சம்பவத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

நாட்றம்பள்ளியில் நடந்தது என்ன?

2016 பிப்ரவரி 6. அன்றைய வேலூர் மாவட்டம், இன்றைய திருப்பத்தூர் மாவட்டத்தில் உள்ள நாட்றம்பள்ளி அருகே ஒரு தனியார் பொறியியல் கல்லூரி வளாகத்தில் பகலில் பயங்கர வெடிச் சத்தம். கட்டடங்களின் ஜன்னல்களும் பஸ் கண்ணாடிகளும் நொறுங்கின. தரையில் ஒரு பள்ளம். கல்லூரி பஸ் டிரைவர் ஒருவர் உயிரிழந்தார், மேலும் சிலர் காயமடைந்தார்கள்.

மறுநாள், இது விண்கல் விழுந்ததால் நடந்தது என்று அன்றைய முதல்வர் ஜெயலலிதாவின் அறிக்கை வந்தது. டிரைவரின் குடும்பத்துக்கு 1 லட்சம் ரூபாய் நிவாரணம் அறிவிக்கப்பட்டது. உலகம் முழுக்கச் செய்தி பறந்தது. காரணம், விண்கல் தாக்கி ஒரு மனிதர் இறந்தார் என்று அறிவியல்பூர்வமாக உறுதியான சம்பவம் நவீன காலத்தில் ஒன்றுகூட இல்லை. உண்மை என்றால் இதுதான் முதலாவது.

ஆனால் நாசா விஞ்ஞானிகள் ஏற்கவில்லை. வெளியான படங்களைப் பார்த்தால் தரையில் நடந்த வெடிப்பு மாதிரிதான் இருக்கிறது என்றார்கள். பெங்களூருவில் உள்ள இந்திய வான் இயற்பியல் நிறுவன விஞ்ஞானிகளும் சந்தேகம் தெரிவித்தார்கள். அந்த நிறுவனத்தின் காவலூர் வானாய்வகம் சம்பவ இடத்தில் இருந்து 35 கிலோமீட்டர் தூரத்தில்தான் இருக்கிறது என்பது கூடுதல் தகவல்.

ஏன் சந்தேகம்? இங்கேதான் 'வெளிச்சம் தூரத்தில் நடக்கிறது' என்ற விஷயம் உதவிக்கு வருகிறது. தரை வரைக்கும் வேகத்தோடு வந்து பள்ளம் தோண்டும் அளவுக்கு ஒரு கல் பெரிதாக இருந்திருந்தால், அது வரும் வழியில் பட்டப்பகலிலும் கண்ணைப் பறிக்கிற மாதிரி எரிந்திருக்கும். வேலூர், தர்மபுரி, திருவண்ணாமலை, பெங்களூரு என்று நாலா பக்கமும் ஆயிரக்கணக்கானவர்கள் பார்த்திருப்பார்கள். அப்படி யாரும் பார்த்ததாகத் தகவல் இல்லை. சரி, சின்னக் கல் என்றால்? சின்னக் கல் காற்றிலேயே தன் வேகத்தை எல்லாம் இழந்துவிடும். தரையில் இருந்து 15, 20 கிலோமீட்டர் உயரத்துக்கு வருவதற்குள் அதன் வெளிச்சம் அணைந்துவிடும். அதற்கப்புறம் மாடியில் இருந்து போட்ட கல் மாதிரி, இன்னும் கொஞ்சம் வேகமாக, மணிக்குச் சில நூறு கிலோமீட்டரில் இருட்டாகவே வந்து விழும். தலையில் விழுந்தால் ஆபத்துதான். ஆனால் அது வெடிக்காது. தீப்பிடிக்காது. தரையில் விழும்போது கொதிக்கிற சூட்டிலும் இருக்காது.

இது ஏதோ விஞ்ஞானிகளின் வறட்டு விவாதம் இல்லை. 'வானத்தில் இருந்து விழுந்தது' என்று முடிவு கட்டிவிட்டால் அதோடு கேள்வி முடிந்துவிடும். தரையில் வெடித்தது என்றால்தான் எது வெடித்தது, யார் வைத்திருந்தார்கள், ஏன் அங்கே இருந்தது என்ற கேள்விகள் வரும். உயிரிழந்தவரின் குடும்பத்துக்கு இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் வித்தியாசம் ரொம்பப் பெரியது.

அப்போ கண்ணால் பார்த்து எப்படிக் கண்டுபிடிப்பது?

நொடிகளை எண்ணுங்கள். இதைவிட எளிய வழி இல்லை.

தீப்பந்து என்றால் இரண்டு, மூன்று நொடி, மிஞ்சிப் போனால் பத்து நொடிக்குள் கதை முடிந்துவிடும். போனை எடுத்து கேமராவைத் திறப்பதற்குள் ஒன்றும் இருக்காது. நீங்கள் போனை எடுத்து, பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிட்டு, வீடியோவும் எடுத்துவிட்டீர்கள், அது இன்னும் போய்க்கொண்டிருக்கிறது என்றால் அது வேறு ஏதோ.

அந்த 'வேறு ஏதோ' பெரும்பாலும் மனிதர்கள் அனுப்பியதுதான். பூமியைச் சுற்றிக்கொண்டிருந்த செயற்கைக்கோளோ ராக்கெட் பாகமோ கீழே இறங்கும்போது வேகம் நொடிக்குச் சுமார் 8 கிலோமீட்டர்தான். சாய்வாக நுழைவதால் அரை நிமிடம், ஒரு நிமிடம்கூட எரியும், பல துண்டுகளாகப் பிரிந்து வரிசையாக ஊர்வலம் மாதிரி நகரும். 2022 ஏப்ரல் 2-ம் தேதி மாலை மகாராஷ்டிராவிலும் மத்தியப் பிரதேசத்திலும் மக்கள் பார்த்து 'விண்கல் மழை' என்று பரபரப்பானது இந்த வகைதான். அது சீன ராக்கெட்டின் மிச்சம் என்று நிபுணர்கள் கணித்தார்கள். சந்திரபூர் மாவட்டத்தில் ஒரு கிராமத்தில் பெரிய உலோக வளையமே வந்து விழுந்தது.

மின்விளக்குச் சரம் மாதிரி ஒரே சீராகப் புள்ளிகள் நகர்ந்தால், அது ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள். எரிவது எதுவும் இல்லை, வெயில் பட்டு மின்னுகின்றன. வடகிழக்கு அடிவானத்தில் இருந்து ஆரஞ்சு வெளிச்சம் மெதுவாக மேலே ஏறினால், அன்றைக்கு ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவினார்களா என்று பாருங்கள். திருவண்ணாமலையில் இருந்து அது நேர்க்கோட்டில் சுமார் 200 கிலோமீட்டர்தான். காற்றில் ஆடி ஆடி மெல்லப் போகும் ஒற்றை ஆரஞ்சு வெளிச்சம், யாரோ பறக்கவிட்ட காகித விளக்கு.

'விண்கல் இருக்கு, வாங்கிக்கிறீங்களா?'

வானத்தில் வெளிச்சம் தெரிந்த செய்தி பரவினால் அடுத்து கிளம்புவது வியாபாரம். கோபுரக் கலசத்தில் மின்னல் பாய்ந்து இரிடியம் ஆகிவிட்டது, அரிசியை இழுக்கும், வெளிநாட்டில் கோடிக்கணக்கில் விலை போகும் என்று சொல்லி ஏமாற்றிய வழக்குகள் தமிழ்நாட்டுக் காவல் நிலையங்களில் ஏராளம். அதே வசனத்தில் கலசத்தை எடுத்துவிட்டு விண்கல்லை வைத்தால் புது மோசடி தயார்.

விண்கல்லில் இரிடியம் இருப்பது உண்மைதான். பூமியின் மேற்பரப்பில் கிடைக்கும் பாறைகளை விட அதில் அதிகம். ஆனால் எவ்வளவு? சாதாரணக் கல் வகை விண்கல் ஒரு கிலோவில் ஒரு மில்லிகிராம்கூடத் தேறாது. 110 கிலோ சூளகிரிக் கற்களை மொத்தமாகப் பொடித்தாலும் ஒரு கிராம் இரிடியத்தில் பத்தில் ஒரு பங்கு வருவதே பெரிய விஷயம். (அதில் கோடீஸ்வரர் ஆக முடியும் என்றால் புவியியல் ஆய்வுத் துறைக்காரர்கள் எல்லாரும் எப்போதோ ஆகியிருப்பார்கள்.)

வயலில் கிடைத்த கறுப்புக் கல்லைக் காட்டி 'இது விண்கல்' என்று யாராவது சொன்னால், அதில் ஓட்டை ஓட்டையாக, நுரை மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது பெரும்பாலும் பழைய இரும்பு உருக்கிய கசடு. புதிதாக விழுந்த விண்கல்லுக்கு வெளியே மெல்லிய கறுப்பு ஓடு இருக்கும், உள்ளே சாம்பல் நிறம், அளவுக்கு மீறிய கனம், காந்தம் பெரும்பாலும் ஒட்டும். காந்தம் ஒட்டுவது மட்டும் போதாது, நம் ஊர்ப் பாறைகளிலேயே ஒட்டுபவை நிறைய. சந்தேகம் இருந்தால் தாசில்தாருக்கோ காவல் நிலையத்துக்கோ தகவல் சொல்லலாம். இந்தியாவில் விழும் விண்கற்களைச் சேகரித்துப் பாதுகாக்கும் பொறுப்பு இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையிடம் இருக்கிறது.

பார்த்துவிட்டீர்கள் என்றால்...

மிகப் பெரிய வெளிச்சம், பகல் மாதிரி வெளுத்துவிட்டது என்றால், முதல் வேலை ஜன்னல் பக்கம் போகாமல் இருப்பது. 2013 பிப்ரவரி 15-ம் தேதி ரஷ்யாவின் செல்யபின்ஸ்க் நகரத்துக்கு மேலே சுமார் 20 மீட்டர் அகலக் கல் ஒன்று வெடித்துச் சிதறியது. வெளிச்சத்தைப் பார்த்தவர்கள் 'என்னது' என்று ஜன்னலுக்கு ஓடினார்கள். சுமார் இரண்டு நிமிடம் கழித்து அதிர்வலை வந்து கண்ணாடிகளை நொறுக்கியது. 1,500 பேர் அளவுக்குக் காயம், பெரும்பாலும் கண்ணாடிச் சில்லுகளால். உயிரிழப்பு இல்லை. ஒலி ஒரு கிலோமீட்டரைக் கடக்கச் சுமார் 3 நொடி ஆகும். 50 கிலோமீட்டர் உயரத்து வெடிப்பின் சத்தம் நம் காதுக்கு வர இரண்டரை நிமிடம். வெளிச்சம் வந்து நேரம் கழித்துச் சத்தம் வந்தால், ஏதாவது தரைக்கு வந்திருக்க வாய்ப்பு உண்டு என்றும் அர்த்தம்.

செல்யபின்ஸ்க் மாதிரி நடப்பது மிக அபூர்வம். வழக்கமான தீப்பந்து என்றால் செய்ய வேண்டியது குறித்துவைப்பதுதான். மணி என்ன, எந்த ஊரில் எந்த இடத்தில் நின்றீர்கள், எந்தத் திசையில் தொடங்கி எங்கே முடிந்தது, அடிவானத்தில் இருந்து எத்தனை முஷ்டி உயரம், எத்தனை நொடி. திருவண்ணாமலையில் ஒருவர் 'வடமேற்கு' என்கிறார், பெங்களூருவில் ஒருவர் 'தென்கிழக்கு' என்கிறார், சேலத்தில் ஒருவர் 'வடக்கு' என்கிறார். மூன்று கோடுகளையும் வரைபடத்தில் இழுத்தால் அவை சந்திக்கும் இடத்துக்கு மேலேதான் தீப்பந்து எரிந்தது. கல்லைத் தேட வேண்டிய இடமும் இப்படித்தான் கிடைக்கிறது. 'பயங்கரமா இருந்துச்சு ப்ரோ' என்ற வீடியோவை விட இந்த மூன்று கோடுகள் ஆயிரம் மடங்கு உபயோகம்.

இதை நம் ஆட்கள் சங்க காலத்திலேயே செய்திருக்கிறார்கள். புறநானூற்றின் 229-ம் பாட்டில், கூடலூர் கிழார் என்ற புலவர் வானத்தில் இருந்து ஒரு மீன் நெருப்புப் பரப்பியபடி விழுந்ததைச் சொல்கிறார். பங்குனி மாதம், பாதி இரவு, அப்போது எந்த நட்சத்திரம் உச்சியில் இருந்து சாய்ந்தது, எது எழுந்தது, எது மறைந்தது, விழுந்தது நேர் கிழக்கிலும் இல்லை, நேர் வடக்கிலும் இல்லை என்று திசை வரைக்கும் பதிவு இருக்கிறது. சேர மன்னன் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறைக்குக் கேடு வருமோ என்று பயந்ததையும், ஏழாம் நாள் மன்னன் இறந்ததையும் பாட்டு சொல்கிறது. எரிநட்சத்திரம் பார்த்தால் பச்சை மரத்தைப் பார்க்கணும் என்று நம் பாட்டிகள் சொல்வதற்குப் பின்னால் இருப்பதும் இதே பயம்தான். பயத்தை விட்டுவிடலாம். அவர் குறித்துவைத்த விதத்தை அப்படியே எடுத்துக்கொள்ளலாம், இன்றைய ஆய்வாளர்கள் கேட்பதும் அதே விவரங்கள்தான். சர்வதேச விண்கல் அமைப்பின் இணையதளத்தில் பொதுமக்கள் யார் வேண்டுமானாலும் இதைப் பதிவுசெய்ய முடியும்.

சும்மா ஒரு எரிநட்சத்திரமாவது பார்த்தால் போதும் என்கிறவர்களுக்கு டிசம்பர் 13, 14 இரவுகள். ஜெமினிட் விண்கல் மழை உச்சத்தில் இருக்கும் நாட்கள் அவை. 2024-ல் மகாதீபமும் அதே டிசம்பர் 13-ம் தேதி வந்தது, ஆனால் பௌர்ணமியை ஒட்டிய நிலா வெளிச்சத்தில் பெரும்பாலானவை தெரியாமல் போயிருக்கும். நிலா இல்லாத வருடமாகப் பார்த்து, இரவு பத்து மணிக்கு மேல், ஊர் வெளிச்சத்தை விட்டு ஜவ்வாது மலை பக்கம் ஒதுங்கி, பாயை விரித்துப் படுத்துக்கொள்ளுங்கள். கண் இருட்டுக்குப் பழக இருபது நிமிடம் ஆகும். அதுவரை போனை எடுக்காமல் இருப்பதுதான் கஷ்டம்.